மழைன்னு பேர் வச்ச காசு: போட்ஸ்வானாவோட முதல் பத்து வருஷம் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஏதோ ஒரு கேள்விக்கு பதில் எழுதும்போது, போட்ஸ்வானால காசுக்குப் பேரே மழைதான்னு ஒத்த வரி போட்டுட்டு நகந்துட்டேன். அந்த ஒத்த வரிக்கு வந்த மெயில் இருக்கே, மத்த பதிலுக்கெல்லாம் சேத்து வந்ததைவிட ஜாஸ்தி. சரி, இந்த தடவை முழுக்க அந்த நாடுதான். அதுலயும் சுதந்திரம் வாங்குன 1966ல ஆரம்பிச்சு சொந்த காசு அடிச்ச 1976 வரைக்கும், அந்த பத்து வருஷம் மட்டும். அதுக்கு மேல கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, இன்னொரு நாள் பாக்கலாம்.

சார், காசுக்கு மழைன்னு பேர் வச்சதெல்லாம் நிஜமா, இல்ல சும்மா அடிச்சு விட்டீங்களா?
– கல்லூரி மாணவி

நிஜம்தாம்மா. பூலான்னா செட்ஸ்வானா மொழில மழை. நாட்டுல பெரும்பகுதி கலஹாரி மணல், மழை வந்தா வந்துச்சு வராட்டி போச்சு, அதனால அந்த ஊர்ல ஒருத்தர வாழ்த்தணும்னாலே மழைன்னுதான் வாய்ல வரும். மேடைல பேசி முடிக்கிறவர் "பூலா!"ன்னு கத்துவார், கூட்டமும் திருப்பி "பூலா!"ன்னு கத்தும். நாட்டு முத்திரைல இருக்கறதும் அதே ஒரு வார்த்தைதான், கொடில இருக்கற நீலமும் அதுக்குத்தான். 1976 ஆகஸ்ட் 23ம் தேதி அந்த பேர்ல காசு வெளிய வந்துச்சு. சில்லறைக்கு தேபேன்னு பேரு, கேடயம்னு அர்த்தம், நூறு தேபே சேந்தா ஒரு பூலா. மொதல் நாள் ஒரு பூலாவும் ஒரு ராண்டும் சரிக்கு சரி.

அதுவரைக்கும் என்ன காசுன்னு கேக்குறீங்களா, அதுதான் வேடிக்கை. சுதந்திரம் வாங்கி பத்து வருஷம் ஆகியும் தென்னாப்பிரிக்காவோட ராண்டத்தான் வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. கருப்பர்களுக்கு ஓட்டே கெடையாதுன்னு சொன்ன அரசாங்கம் அடிச்ச நோட்டு, அதை எண்ணி இவங்க மந்திரிக்கு சம்பளம் குடுக்கணும்.

1966ல உலகத்துலயே ரொம்ப ஏழை நாடுகள்ல ஒண்ணுன்னு படிச்சேன். எவ்ளோ ஏழை சார்? ஒரு ஐடியா குடுங்க.
– வங்கி ஊழியர்

ஐடியாவா, இந்தாங்க. நாட்டோட பரப்பு கிட்டத்தட்ட 5,80,000 சதுர கிலோமீட்டர், பிரான்ஸவிட பெருசு. அதுல தார் போட்ட ரோடு மொத்தமா 12 கிலோமீட்டர். காலேஜ் முடிச்ச உள்ளூர்க்காரங்க 22 பேர், ஒரு பஸ்ல ஏத்துனா பாதி சீட்டு காலியா இருக்கும். பள்ளிப் படிப்ப முழுசா முடிச்சவங்களே ஒரு நூறு பேர்தான். சனத்தொகை அஞ்சரை லட்சம் பக்கம்.

இதுல 1960கள்ல தொடர்ந்து பஞ்சம். மாடுதான் அங்க சொத்து, சீர், பேங்க் எல்லாமே. அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு செத்துப் போச்சு, வெளிநாட்டுல இருந்து வந்த தானியத்துலதான் நெறைய குடும்பம் உயிர் தப்புச்சு. ஆம்பளைங்க எல்லையத் தாண்டி தென்னாப்பிரிக்கா தங்கச் சுரங்கத்துக்குப் போயிருவாங்க, வீட்டுல பொம்பளைங்களும் தாத்தா பாட்டியும்தான். பெரிய தொழில்னு எடுத்தா லோபாட்சேல இருந்த மாட்டிறைச்சிக் கூடம் ஒண்ணுதான். அரசாங்கம் நடத்தவே லண்டன்ல இருந்து வருஷா வருஷம் மானியம் வந்தாத்தான் ஆச்சு. 1972-73ல தான் அந்த மானியம் இல்லாம அன்றாடச் செலவ சொந்தமா சமாளிக்க முடிஞ்சுது. வெள்ளக்காரன் அந்த ஊர வேணும்னு புடிச்சு வச்சிருந்தான்னு கூட சொல்ல முடியாது, வடக்க போற வழி வேற யார் கைக்கும் போயிரக் கூடாதுன்னு 1885ல வளைச்சுப் போட்டான், அப்பறம் அப்படியே மறந்துட்டான், அதான் உண்மை.

வைரம் கெடச்சுது, பணக்காரன் ஆயிட்டாங்க. இதுல என்ன பெரிய சாமர்த்தியம் இருக்கு? எனக்கும் வைரம் கெடச்சா நானும் நல்லா இருப்பேன்.
– பேர் போட வேண்டாம்னு கேட்டவர்

பேர் போடல, ஆனா கேள்விய விட மாட்டேன், ஏன்னா வந்த கடுதாசில பாதி இதையேதான் வேற வேற மாதிரி கேட்டிருக்கு.

வைரம் கெடச்ச நாடு ஆப்பிரிக்கால இது ஒண்ணு மட்டும் இல்லங்க. அங்கோலால கெடச்சுது, சியரா லியோன்ல கெடச்சுது, காங்கோல கெடச்சுது, அங்கெல்லாம் அந்த கல்ல வச்சு துப்பாக்கி வாங்குனாங்க. இங்க மட்டும் ஏன் அப்படி ஆகலன்னா நான் ஒரு வரிசைய காட்டுவேன். பொதையல் வெளிய வர்றதுக்கு முன்னாடியே அது யாருக்குங்கற பேச்ச எடுத்துட்டாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த பத்து வருஷத்தோட சூட்சுமமே இதுதான்.

எப்படின்னு சொல்றேன். அந்த நாட்டுல எட்டு பெரிய இனக்குழு உண்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலைவர், கோசின்னு சொல்வாங்க, அவங்கவங்க நிலத்துக்கு அடியில கெடக்கறது அவங்கவங்களுக்குத்தான்னு பழக்கம். 1959லயே பமங்வாட்டோங்கற இனம் தன் நிலத்துல செம்பு தேட ஒரு கம்பெனியோட ஒப்பந்தம் போட்டுருந்துச்சு, அரசாங்கத்துக்கு இல்ல, அந்த இனத்துக்குத்தான் பங்கு. இப்ப பாருங்க, பின்னாடி நாட்டோட மொத ஜனாதிபதியான செரெட்சே காமாவோட டெமாக்ரடிக் கட்சி 1965 தேர்தலுக்கு நிக்கும்போதே மண்ணுக்கு அடியில இருக்கறது மொத்த நாட்டுக்கும் பொதுவுன்னு எழுதிக் குடுத்துதான் ஓட்டு கேட்டுச்சு. 1967ல அதை சட்டமாவும் ஆக்கிட்டாங்க. அதே 1967லதான் ஒராபாவுல வைரப் பாறை கெடச்சுது. அது யார் நிலம்? பமங்வாட்டோ நிலம். செரெட்சே யாரு? அந்த இனத்தோட தலைமைக்கு பொறந்தவரே அவர்தான்! பழைய வழக்கப்படியே விட்டிருந்தா அவங்க ஆளுங்க மட்டும் கொழுத்திருப்பாங்க, பக்கத்து இனம் வயிறு எரிஞ்சிருக்கும், அப்பறம் என்ன நடந்திருக்கும்னு மத்த நாடுகள பாத்து புரிஞ்சுக்கலாம். அவருக்கு முன்னாடியே துப்பு கெடச்சிருக்கும்னு சிலர் சொல்வாங்க. கெடச்சிருந்தா இன்னும் பெரிய விஷயம், தெரிஞ்சே தன் வீட்டு பொதையல ஊருக்கு எழுதி வச்சாருன்னு ஆகுது.

அந்த கல்ல கண்டுபிடிச்ச கதையும் கேட்டுக்கங்க, எனக்கு ரொம்ப புடிச்ச எடம். 1955ல கிழக்க மோட்லவுட்சேன்னு ஒரு ஆறு, பாதி நாள் தண்ணியே இருக்காது, அந்த மணல சலிச்சா ரெண்டு மூணு பொடி வைரம். ஆத்துல கல்லு வந்தா மேல எங்கயோ பாறை இருக்கணும்ல, ஆறு பொறக்கற எடம் வரைக்கும் போய் தேடிட்டாங்க, ஒண்ணும் இல்ல. கம்பெனி கைய விரிக்கற நெலமைல கேவின் லாமன்ட்னு ஒரு நிலவியலாளர் வேற மாதிரி யோசிச்சார். ஒருவேளை இந்த ஆறு ஒரு காலத்துல இதைவிட நீளமா இருந்திருந்தா? நடுவுல பூமி மேல எழும்பி ஆத்தோட தலைய வெட்டி விட்டிருந்தா? அப்படின்னா வைரம் வந்த எடம் இன்னும் மேக்க, இப்ப ஆறே இல்லாத பக்கம்ல இருக்கணும். அந்த பக்கம் போய் ஊர் ஊரா மணல அள்ளி சலிச்சாங்க, தேடுனது வைரத்த இல்ல, அதுகூடவே வர்ற செவப்பு கார்னெட்டையும் கறுப்பு இல்மனைட்டையும். அது எங்க அடர்த்தியாகுதோ அந்த பக்கம் நகந்து நகந்து, பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒராபா. பூமிக்கு ஆழத்துல இருந்து வைரத்த மேல கொண்டு வந்த எரிமலைப் பாறைத் தூணத்தான் வைரக் குழாய்னு சொல்வாங்க, உலகத்துல இருக்கற பெரிய வைரக் குழாய்கள்ல அதுவும் ஒண்ணு, மேல பாத்தா வெறும் முள்ளுக்காடு.

1971ல உற்பத்தி ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி டி பியர்ஸ்ங்கற வைரக் கம்பெனி கூட போட்ட ஒப்பந்தத்துல அரசாங்கத்துக்கு 15 சதவீதம்தான் பங்கு, அதுக்கு மேல கேக்க அப்ப தெம்பு இல்ல. உற்பத்தி நல்லா ஓட ஆரம்பிச்சதும் திரும்ப உக்காந்து பேசுனாங்க, 1975ல பாதிக்குப் பாதி. சண்டை போட்டு கம்பெனிய துரத்தவும் இல்ல, கையெழுத்து போட்டாச்சேன்னு வாய மூடிக்கவும் இல்ல, கல்லு என்ன விலைக்குப் போகுதுன்னு நல்லா படிச்சுட்டு வந்து பேசுனாங்க. அந்த மேஜைல உக்காந்தவங்க அந்த 22 பேர் தலைமுறைதான், அதை நெனச்சா எனக்கே கொஞ்சம் சிலிர்க்குது.

சாமர்த்தியம் இல்லன்னு இனிமே சொல்லுவீங்களா?

செரெட்சே காமா வெள்ளக்கார பொண்ண கல்யாணம் பண்ணதால நாட்ட விட்டே துரத்துனாங்களாமே, அந்த கதைய சொல்லுங்கண்ணா ப்ளீஸ்.
– ஒரு வாசகி

இது நம்ம பத்து வருஷத்துக்கு முன்னாடி நடந்தது, ஆனா இத சொல்லாம மேல போக முடியாதும்மா. லண்டன்ல சட்டம் படிக்கப் போனவர் ரூத் வில்லியம்ஸ்ங்கற பொண்ண 1948ல கட்டிக்கிட்டார். அப்பத்தான் தென்னாப்பிரிக்கால நிறவெறி கட்சி ஆட்சிக்கு வந்திருந்த நேரம், பக்கத்து வீட்டுல ஒரு கருப்பு ராஜாவும் வெள்ள ராணியுமான்னு அவங்களுக்கு வயித்தெரிச்சல். செரெட்சேவ வளத்த சித்தப்பா ஷெகெடியும் சம்மதிக்கல. செரோவே ஊர்ல கோட்லான்னு ஊர்ப்பஞ்சாயத்து கூடும், அங்க அடுத்தடுத்து கூட்டம், மொதல்ல எதிர்ப்புதான் ஜாஸ்தி, கடைசில 1949ல ஆயிரக்கணக்கான பேர் எந்திரிச்சு நின்னு அவர் பக்கம் சேந்துட்டாங்க. ஊரே ஏத்துக்கிச்சு, ஆனா லண்டன் ஏத்துக்கல. தென்னாப்பிரிக்கா தங்கமும் யுரேனியமும் வேணுமே! ஒரு விசாரணைக் குழு போட்டாங்க, அது அவர் தகுதியான ஆளுதான், கல்யாணம் ஒண்ணுதான் பிரச்சனைங்கற மாதிரி எழுதிக் குடுத்துருச்சு, அந்த அறிக்கைய அப்படியே அமுக்கிட்டாங்க. 1950ல பேச்சுவார்த்தைக்குன்னு லண்டனுக்கு கூப்ட்டுட்டு, இனிமே ஊருக்குப் போகக் கூடாதுன்னு தடை. 1956ல தலைமைப் பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு சாதாரண ஆளா திரும்புனார்.

இதுல எனக்கு படறது என்னன்னா, பட்டத்த விட்டுக் குடுத்ததாலதான் அவரால எல்லா இனத்துக்கும் பொதுவான ஆளா நிக்க முடிஞ்சுது. பமங்வாட்டோ தலைவராவே இருந்திருந்தா மத்த ஏழு பேரும் அவர அவங்க தலைவர்னுதான் பாத்திருப்பாங்க.

எழுதப் படிக்கத் தெரியாத நாட்டுல தேர்தல் எப்படி நடந்துச்சு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

கலர்லதான் ஐயா. கட்சிக்கு ஒரு கலர் வில்லை, ஓட்டு போட வர்றவங்களுக்கு எல்லா கலரும் குடுப்பாங்க, வேணுங்கறத ஓட்டுப் பெட்டில போட்டுட்டு மிச்சத்த கழிச்சுட வேண்டியதுதான். செரெட்சே கட்சியோட சின்னம் கார் தூக்குற ஜாக்கி. டெமாக்ரடிக்னு வாய்ல வராம ஜனங்க அத டோம்க்ராக்னு ஆக்கிட்டாங்க, டோம்க்ராக்னா ஆஃப்ரிகான்ஸ் மொழில ஜாக்கி, அதையே சின்னமாவும் வச்சுக்கிட்டாங்க, நாட்ட தூக்கி நிறுத்துவோம்னு அர்த்தமும் வந்துருச்சு! 1965ல 31 தொகுதில 28 ஜெயிச்சாங்க.

ஆனா எல்லாம் சுமுகம்னு நெனச்சுடாதீங்க. அதிகாரத்த கோசிகள் கிட்ட இருந்து புடுங்குனா அவங்க சும்மா இருப்பாங்களா, நிலம் பிரிச்சுக் குடுக்கற உரிமையும் நிலக் குழுக்கள் கிட்ட போச்சு, தலைவர்கள் சபைன்னு ஒண்ணு வச்சாங்க, அது ஆலோசனை மட்டும் சொல்லலாம். பங்வகெட்சே இனத்தோட தலைவர் இரண்டாம் பாத்தோயன் கடுப்பாகி 1969ல பட்டத்தையே துறந்துட்டு எதிர்க்கட்சில நின்னார், துணை ஜனாதிபதி க்வெட் மசிரேவ அவர் சொந்த தொகுதிலயே தோக்கடிச்சார். நிதியும் அப்ப மசிரே கைலதான், விவசாயம் பாத்து வாத்தியார் வேலையும் பத்திரிகை வேலையும் செஞ்ச மனுஷன், இவர் இல்லாம வண்டி ஓடாது. நியமன உறுப்பினர்னு ஒரு வழி இருந்துச்சு, அதுல உள்ள கூட்டிக்கிட்டாங்க. ஜனநாயகம்தான், ஆனா பின்வாசலும் இருந்துச்சுன்னு வச்சுக்கங்க.

தலைநகர் பேர கேபரோன்னு சொல்றதா, காபரோன்னு சொல்றதா?
– பத்தாவது படிக்கும் மாணவன்

ரெண்டும் இல்ல தம்பி. அந்த ஊர்க்காரங்க மொத எழுத்த தொண்டைல இருந்து காத்தா எடுத்து ஹாபரோனேங்கற மாதிரி சொல்வாங்க. நாம கேபரோன்னே வச்சுக்கலாம், இல்லன்னா பரிட்சைல மார்க் போயிரும்.

அதவிட சுவாரஸ்யம் ஒண்ணு சொல்றேன். சுதந்திரத்துக்கு கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் அந்த நாட்டோட தலைநகர் அந்த நாட்டுலயே இல்ல! தென்னாப்பிரிக்காவுக்குள்ள மாஃபெகிங்னு ஒரு ஊர்ல உக்காந்துதான் வெள்ளக்காரன் ஆட்சி பண்ணான். அதனால ரயில் பாதைக்கு பக்கத்துல, அணை கட்ட எடம் இருக்கற, எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத நிலமா பாத்து 1964ல அவசர அவசரமா ஊர் கட்ட ஆரம்பிச்சாங்க. 20,000 பேருக்குன்னு போட்ட பிளான். அதுல அதிகாரிக்கு வீடு இருந்துச்சு, குமாஸ்தாவுக்கு வீடு இருந்துச்சு, செங்கல் சுமந்து அந்த ஊரக் கட்டுன ஆளுங்க எங்க தங்குவாங்கன்னு மட்டும் யாரும் யோசிக்கல. அவங்க ஓரமா தகரத்தையும் குச்சியையும் வச்சு நலேடின்னு ஒரு குடிசைப் பகுதிய உண்டாக்கிக்கிட்டாங்க. நலேடின்னா நட்சத்திரம்.

சுத்தி நிறவெறி நாடுங்க, நடுவுல இவங்க. தாக்குப் புடிச்சது எப்படி?
– முன்னாள் ராணுவ வீரர்

நீங்க கேட்டதால மொதல்ல இதைச் சொல்றேன், அந்த பத்து வருஷமும் அவங்ககிட்ட ராணுவமே கெடையாது. போலீஸ்தான், அதுல ஒரு நடமாடும் பிரிவு. படைன்னு ஒண்ணு 1977லதான் வந்துச்சு.

தெக்க தென்னாப்பிரிக்கா, மேக்க இன்னிக்கு நமீபியான்னு சொல்றத அவங்களே புடிச்சு வச்சிருந்தாங்க, வடகிழக்க இயன் ஸ்மித்தோட ரொடீசியா (இன்னிக்கு ஜிம்பாப்வே), நாட்டுக்குள்ள ஓடுற ரயிலே ரொடீசியா ரயில்வேயோடது. மூச்சு விட ஒரே ஓட்டை, வடக்க கசுங்குலாவுல ஜாம்பேசி ஆத்துல ஜாம்பியாவத் தொடற சில நூறு மீட்டர். அங்க ஒரு படகு ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1970ல தென்னாப்பிரிக்கா, அப்படி ஒரு எல்லையே கெடையாது, நாலு நாடும் ஒரே புள்ளில சேருதுன்னு வம்பு பண்ணுச்சு, இவங்க அசரல, அமெரிக்கா உதவியோட அதுக்கு ரோடே போட ஆரம்பிச்சுட்டாங்க.

பொழப்புக்கு தென்னாப்பிரிக்கா கூட வியாபாரம் பண்ணாங்க, சுங்க ஒப்பந்தத்த 1969ல திருத்தி வருமானத்த பல மடங்கு ஆக்கிக்கிட்டாங்க, ஆனா தூதர் வைக்க மாட்டோம், நிறவெறிய ஒத்துக்க மாட்டோம்னு வெளிப்படையாவே சொன்னாங்க. தப்பிச்சு வந்தவங்களுக்கு எடம் குடுத்தாங்க, எங்க மண்ணுல இருந்து சண்டை போடாதீங்கன்னு ஒரே நிபந்தனை. அதுக்கும் விலை இருந்துச்சு. ஆப்ரம் டீரோன்னு ஒரு மாணவர் தலைவர், தென்னாப்பிரிக்கால இருந்து தப்பி வந்து தலைநகர் பக்கத்துல ஒரு மிஷன்ல தங்கியிருந்தார். 1974 பிப்ரவரி 1ம் தேதி ஒரு பார்சல் வந்துச்சு, பிரிச்சார், வெடிச்சிருச்சு. அவ்ளோதான்.

ரொம்பத்தான் புகழ்றீங்க. ஒரு குறை கூடவா இல்ல அந்த நாட்டுல?
– "நேர்மையான வாசகன்"

நலேடிய மேல சொன்னேனே, படிக்கலயா? சரி, இன்னும் கேளுங்க. 1975ல செலிபி-பிக்வே செம்புச் சுரங்கத்துல தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, அரசாங்கம் போலீஸ விட்டு அடக்குச்சு, நூத்துக்கணக்கான பேருக்கு வேலை போச்சு, இவ்ளோ நிதானமான தலைவர்னு சொல்ற செரெட்சே அந்த விஷயத்துல கொஞ்சமும் இறங்கி வரல. அதே வருஷம் மேய்ச்சல் நிலக் கொள்கைன்னு கொண்டு வந்தாங்க, பொது மேய்ச்சல்ல ஒரு பகுதிய வேலி போட்டு குத்தகைக்கு விட்டா நிலம் கெடாதுன்னு பேச்சு. வேலி போட யார்கிட்ட காசு இருக்கும்? மாடு நெறைய வச்சிருக்கறவங்ககிட்ட. மந்திரிங்கள்லயும் அதிகாரிங்கள்லயும் பாதிப் பேர் மாட்டுக்காரங்கதானே. காலங்காலமா அந்த மணல்ல வேட்டையாடி பொழச்ச சான் மக்கள, அங்க பசர்வான்னு சொல்வாங்க, காலியா கெடக்கற நிலம்னு கணக்குல எழுதுன நிலத்துலதான் அவங்க குடியிருந்தாங்க. அவங்கள யாரும் கூப்ட்டு கேக்கல. இது எனக்கு அந்த பத்து வருஷத்துலயே ரொம்ப உறுத்தற எடம், பொதையல எல்லாருக்கும் பொதுவாக்குன அதே ஆளுங்க மேல் மண்ண அப்படிப் பாக்கல.

போன தடவை மாடு குடுத்து காலேஜ் கட்டுனாங்கன்னு ஏதோ சொல்லிட்டு விட்டுட்டீங்களே?
– நூலகர்

ஆமாங்க, இடம் பத்தல. போட்ஸ்வானா, லெசோத்தோ, ஸ்வாசிலாந்து மூணுக்கும் சேத்து ஒரே பல்கலைக்கழகம், பெரிய வளாகம் இருந்தது லெசோத்தோ பக்கம். 1975 அக்டோபர்ல லெசோத்தோ திடீர்னு நாங்க தனியா போறோம்னு கட்டடத்தோட கழண்டுக்கிச்சு. பசங்க புத்தகமும் பொட்டியுமா ஊர் திரும்ப வேண்டியதாப் போச்சு. வைரப் பணம் அப்பத்தான் வர ஆரம்பிச்ச நேரம், ஒரு வளாகம் கட்டற அளவுக்கு கைல இல்ல.

செரெட்சே 1976ல ஜனங்ககிட்டயே போயிட்டார். மோத்தோ லே மோத்தோ கோமோ, ஆளுக்கு ஒரு மாடு. பத்து வருஷம் முன்னாடி பஞ்சத்துல மாட்ட சாகக் குடுத்த அதே ஜனங்க, அவங்கள்ல நெறைய பேர் பள்ளிக்கூட வாசலையே மிதிச்சிருக்க மாட்டாங்க. மாடு இருந்தவங்க மாடு ஓட்டிக்கிட்டு வந்தாங்க, இல்லாதவங்க ஆடு, கோழி, சோளம், காசு, ஒண்ணுமே இல்லாதவங்க முட்டை.

இப்ப கேபரோன்ல அந்த பல்கலைக்கழகத்துல ஒரு சிலை இருக்கு. செரெட்சே சிலைன்னு நெனச்சுதான் நானும் படத்த பெருசாக்கிப் பாத்தேன். ஒரு சாதாரண ஆளு, கூட ஒரு மாடு.